சனிக்கிழமை மாத்திரை

அட்டையில் நான்கு மாத்திரை மிச்சம் இருந்தது. சுகாதார நிலையத்தில் மாதத்துக்கு எண்ணித்தான் கொடுப்பார்கள். மாதம் முடிகிறபோது அட்டை காலியாக இருக்க வேண்டும். மதினியின் அடுப்படியில், உப்பு டப்பாவுக்குப் பின்னால் கிடந்த அந்த அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. எனக்கு எதற்கெடுத்தாலும் உள்ளங்கை வேர்க்கும் என்பது வேறு விஷயம்.

ஏன் மிச்சம் என்று கேட்டேன். மறந்திருப்பேன் என்றார் மதினி. சொல்லிவிட்டு அரிசி களைய ஆரம்பித்தார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு வந்திருக்காது.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் மலைக்கு மேலே, கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை இறங்கி வருவார். ஒரே மகன் திருப்பூரில். ஆகவே சின்னமனூரில் அந்த வீட்டில் மதினி தனியாள். நான் அடுத்த தெரு. அவருக்குச் சர்க்கரை நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது.

நான் எதற்கு அவர் வீட்டு மாத்திரை அட்டையை எண்ணப் போனேன் என்றால், அது எனக்குக் கொடுத்த பாடம். தேனியில் ஒரு பயிற்சி நிலையத்தில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர் வேலைக்கு ஆறு மாதப் படிப்பில் சேர்ந்திருந்தேன். எட்டாவது தேறியிருந்தால் போதும் என்றார்கள். நான் ஒன்பதாவதில் பாதி. அந்தப் பாதியைச் சொல்வதா வேண்டாமா என்று விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் எட்டாவது என்றே எழுதினேன். பாதிக்குச் சான்றிதழ் கேட்டால் எங்கே போவது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது அப்பாவால். அவருக்கும் சர்க்கரைதான். காலில் ஒரு முள் குத்தியது, ஆறவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அம்மா கூலிக்குப் போனதால் அப்பாவோடு வீட்டில் இருக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். அப்பா அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் கால் தப்பியிருக்கும் என்று அந்த நான்கு வருஷமும் வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, மாத்திரை என்றால் விடக்கூடாதது என்பது எனக்கு எலும்பில் ஏறிவிட்டது.

வகுப்பில் காலையில் உடம்பைப் பற்றிச் சொல்வார்கள், மத்தியானம் பேச்சைப் பற்றி. உடம்புப் பாடம் எனக்குப் பிடித்திருந்தது. இருதயத்துக்கு நான்கு அறை. கணையம் என்று ஒன்று வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. படம் வரைந்து பாகம் குறிப்பேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன், நேராகத்தான் வந்தது. சர்க்கரைப் பாடத்தின்போது எங்கள் மிஸ் சொன்ன ஒரு வரியை நோட்டில் பெரிதாக எழுதி வைத்தேன். சர்க்கரை கூடினால் கெடுதல் வருஷக் கணக்கில் வரும், குறைந்தால் நிமிஷக் கணக்கில் வரும். எழுதினேனே தவிர முதல் பாதியைத்தான் மனதில் வாங்கினேன். என் அப்பாவின் கால் இருந்தது முதல் பாதியில்.

பேச்சுப் பாடம்தான் எனக்குக் கஷ்டம். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், யார் என்று சொல்ல வேண்டும், பிறகு கேட்க வேண்டும். கேள்வியில் இரண்டு வகை என்றார் மிஸ். ஆமா, இல்லை என்று முடிந்துபோகிற கேள்வி ஒன்று. இன்னொன்றுக்கு அவர் வைத்த பெயர் கதைக் கேள்வி. வலிக்கிறதா என்றால் ஆமா. எப்படி வலிக்கிறது என்றால் கதை. கதைக் கேள்வி முதலில், ஆமா கேள்வி பிறகு. பாடம் இவ்வளவுதான்.

ஜோடி ஜோடியாக உட்காரவைத்து ஒருவரை நோயாளியாக நடிக்கச் சொன்னார்கள். எனக்கு ஜோடி ஜெயமங்கலத்திலிருந்து வருகிற ஒரு அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். நான் வணக்கம் சொன்னேன், என் பெயரைச் சொன்னேன், பிறகு, "வலி இப்பக் கொறஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

அவள் முனகலை நிறுத்திவிட்டாள். "ஏத்தா, எங்கன வலிக்குன்னே இன்னும் நீ கேக்கல. அதுக்குள்ள கொறைக்கப் பாக்குறியே. ஒன் வார்டுக்கு வந்தா வெரசா வீட்டுக்கு அனுப்பிருவ போல."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நான் ஏன் அப்படிக் கேட்டேன். குறைந்திருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால்தான். பயந்த மனசுக்காரிக்குக் கதைக் கேள்வி ஆகாது. கதையில் என்ன வரும் என்று தெரியாது. ஆமா கேள்வியில் வேண்டியது வரும். பிள்ளைகளிடமும் நான் அப்படித்தான், வீட்டுக்காரரிடமும் அப்படித்தான். சாப்பிட்டாயா, காய்ச்சல் விட்டதா, பஸ் கிடைத்ததா. ஆமா ஆமா ஆமா. அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம்.

பயிற்சியில் ஒரு பகுதி வீட்டுச் சந்திப்பு. ஆளுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை போக வேண்டும். ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொன்னதை அவர்களையே திருப்பிச் சொல்ல வைத்து, பதிவு நோட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். நான் மதினியை எடுத்தேன். தெரியாத வீட்டுக் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் இல்லை. அந்த நான்கு மாத்திரையைப் பார்த்தது முதல் சந்திப்பில். என்ன சொல்லிக்கொடுப்பது என்பதும் அங்கேயே முடிவாகிவிட்டது.

"மதினி, சர்க்கர மாத்திரைய ஒரு நாளும் விடக்கூடாது."

விட மாட்டேன் என்றார். திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சர்க்கர மாத்திரைய ஒரு நாளும் விடக்கூடாது. போதுமா டீச்சர்?"

இரண்டாவது வாரம் போனபோது அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னேன். மதினிக்குத் தெரியாததா, அவர்தான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் காலுக்குக் கட்டு மாற்றியவர். இருந்தாலும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். மதினி முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "இனி விட மாட்டேந்தா, நீ அழுகாத" என்றார். அந்த அழுகைதான் வேலை செய்தது என்று இப்போது தெரிகிறது. பாடம் இல்லை, அழுகை. அடுத்த மாதக் கடைசியில் அட்டை காலி. ஒன்றுகூட மிச்சம் இல்லை. பதிவு நோட்டில் 'புரிந்துகொண்டார், கடைப்பிடிக்கிறார்' என்று எழுதினேன். மிஸ் சிவப்பு மையில் ஒரு சரி போட்டார். அந்தச் சரியை வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

ஆடி மாதம் வந்தது. ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் கோவிலுக்கு எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வரும். மகனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை, விளக்குப் போட வேண்டும், துணைக்கு வா என்று மதினி கூப்பிட்டார். பஸ்ஸுக்கு நின்றபோது, "சாப்புட்டீகளா மதினி?" என்று கேட்டேன். "ம்" என்றார். "மாத்திர?" என்றேன். "போட்டாச்சு. நீ சொல்லி விடுவேனா" என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இரண்டு ஆமா.

வரிசை கோவிலைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, வெயிலில் நின்றது. தகரப் பந்தல் பாதி தூரத்துக்குத்தான். நாங்கள் பந்தல் இல்லாத பாதியில் இருந்தோம். எள் விளக்கு எண்ணெய் வாசம் அங்கே வரை வந்தது. மதினி கையில் பித்தளைத் தூக்கு. அதில் காக்கைக்கு வைக்க எள் சாதம். ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் இருபது அடி நகர்ந்திருப்போம்.

முதலில் வேர்த்தது. வெயிலுக்கு எல்லாருக்கும்தான் வேர்த்தது. ஆனால் மதினிக்குக் கழுத்து, கை, மேலுதடு எல்லாம் சொட்டச் சொட்ட இருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. தூக்கை மாற்றிப் பிடித்தார். மாற்றும்போது கை ஆடியது. என் நோட்டில் நான் எழுதிய பக்கம் அப்படியே கண் முன்னால் வந்தது. வேர்வை, நடுக்கம், படபடப்பு, எரிச்சல், குழப்பம். இதே வரிசையில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன், அது ஒரு மனுஷியின் மேல் எழுதிக் கிடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மதினி, காலையில என்ன சாப்புட்டீக?"

இந்தக் கேள்வியை நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டிருக்க வேண்டும். மதினி என்னைப் பார்க்காமல் சொன்னார். "இன்னும் இல்ல. பூச முடிஞ்சு காக்காய்க்கு வச்சிட்டுத்தான்."

"மாத்திர போட்டேன்னீக."

"நீதான ஒரு நாளும் விடக்கூடாதுன்ன. முந்தியெல்லாம் சனிக்கெழம போட மாட்டேன். வயித்துல ஒண்ணும் இல்லாமப் போட்டா ஒரு மாதிரி வரும். இப்பப் போடுறேன்ல."

நான்கு மாத்திரை. நான்கு சனிக்கிழமை. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அவர் உடம்பு அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. நான் போய் அதைத் திருத்திவிட்டு வந்தேன். மற்ற சனிக்கிழமைகளில் வீட்டிலேயே பத்து மணிக்கெல்லாம் காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார், ஒரு மாதிரி வந்ததைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு வரிசை. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

ஓடிப்போய் எதிர்க்கடையில் ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி வாங்கி வந்தேன். அவர் வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சர்க்கர கொறஞ்சிருச்சு மதினி. இதக் குடிச்சாத்தான் சரியாகும்."

"பூச முடியட்டும்."

"முடியறதுக்குள்ள மயக்கம் வந்துரும் மதினி."

"வந்தா வரட்டும். எம்புள்ளைக்கு வேண்டிக்கிட்டது."

எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, மஞ்சள் சேலை, அவரும் விரதம்தான் போல, என் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இத்தனை நேரம் பட்டினி கிடந்து, கோவில் வரைக்கும் வந்துவிட்டு இப்போது கெடுக்கலாமா என்றார். மதினிக்குச் சர்க்கரை நோய் என்றேன். எனக்கும்தான் சர்க்கரை, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார் அவர். "சாமி பாத்துக்கிருவாக. நீ பதறாத. நீ பதறுறதுலதான் அந்தம்மாவுக்குக் கெறக்கம் வருது."

அது பாதி உண்மை. நான் பதறிக்கொண்டுதான் இருந்தேன். டம்ளர் என் கையில் ஆடிச் சேலையெல்லாம் பிசுபிசுத்தது. வகுப்பில் சொன்னதெல்லாம் நினைவில் இருந்தது. கண்ணைப் பார்த்துப் பேசு, குரலைத் தாழ்த்து, அவர்கள் நம்புகிறதை மதித்துப் பேசு. மதித்துப் பேசுவது என்றால் எந்த வார்த்தையைச் சொல்வது. சாமி கோபித்துக்கொள்ளாது என்று சொல்ல நான் யார். சாமி கோபித்துக்கொள்ளும் என்று பயப்படுகிறவள்தானே நானும். அந்த இடத்தில் நின்றுகொண்டு, அந்தக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, விரதத்தை விடுங்கள் என்ற வார்த்தை எனக்கே முழுசாக வரவில்லை. அந்தத் தயக்கம் மதினிக்குக் கேட்டிருக்கும்.

"மதினி, ஒரு வாய்."

டம்ளரைத் தட்டிவிட்டார். என் மதினி யார்மேலும் கை நீட்டாதவர். "போடீ அங்கிட்டு" என்றார். அவர் என்னை ஒரு நாளும் 'டீ' போட்டதில்லை. அது அவர் பேசியது இல்லை, சர்க்கரை குறைந்த மூளை பேசியது என்று எனக்குத் தெரியும், பாடத்தில் இருக்கிறது. தெரிந்து என்ன. பின்னால் இருந்த அம்மா, பார்த்தாயா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

இரண்டாவது டம்ளர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மதினி தரையில் இருந்தார். தூக்கு கவிழ்ந்து எள் சாதம் மண்ணில் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. தோளைத் தட்டினேன், ஒரு முனகல், அவ்வளவுதான். என் கையில் சர்க்கரைத் தண்ணீர் இருந்தது. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நெஞ்சுக்குள் போய்விடும் என்பது அதே பக்கத்தில் அடுத்த வரி. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கொடுத்திருக்கலாம், அவர் வாங்கவில்லை. இப்போது தடுக்க ஆள் இல்லை, கொடுக்கக் கூடாது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

108க்கு அழைத்தேன். இடத்தைக் கேட்டார்கள். குச்சனூர் என்று சொன்னேன், கோவில் என்று சொன்னேன், எந்தப் பக்கம் என்றபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைக்காரர் போனை வாங்கிச் சொன்னார். மதினியை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அதுவும் பாடம்தான். கூட்டம் கூடிவிட்டது. யாரோ சோடா உடைத்துக்கொண்டு வந்தார், யாரோ தண்ணீர். இன்னொருவர் பொங்கலே கொண்டுவந்தார், பிரசாதம், வாயில் வை என்றார்.

நான் மதினியின் வாயை என் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். மூக்கை விட்டுவிட்டு வாயை மட்டும். வேறு எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. கையை எடு என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

"ஊத்தக் கூடாதுங்கய்யா. பொறையேறிரும்."

"ஒரு சொட்டுத் தண்ணி விட மாட்டேங்கிறாளே. நீ அவுகளுக்கு யாரு?"

"நாத்தனா."

"அதானே பாத்தேன்," என்றார் அவர். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் மதினியின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேலை இல்லை. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை இருக்க வேண்டும் என்பது படித்தது மறந்துவிட்டது. இருந்தாலும் எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும் வரை மூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

வண்டி வந்தது. அதில் வந்தவர் விரலில் குத்தி இரத்தம் எடுத்து அந்தச் சின்ன மெஷினைப் பார்த்தார். கையில் ஊசி போட்டு மருந்தை ஏற்றினார். வண்டி முல்லைப் பெரியாறு வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதற்குள் மதினி கண்ணைத் திறந்து, "தூக்கு எங்க?" என்று கேட்டார். அவ்வளவு சீக்கிரத்தில் அவர் திரும்பி வந்ததை எப்படிச் சொல்வது. போனதும் அப்படித்தான். பாடத்தில் எழுதியிருந்த அந்த நிமிஷக் கணக்கு இதுதான் என்று அப்போது புரிந்தது.

ஆஸ்பத்திரியில் மறுநாள் வரை வைத்திருந்தார்கள். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும் வரை சர்க்கரை மறுபடி இறங்கலாமாம். டாக்டர் இளவயசுக்காரர், அன்று அவருக்கும் ஓய்வில்லை, கண் சிவந்திருந்தது. சாப்பிடாமல் இந்த மாத்திரையைப் போடலாமா, இன்றைக்குப் போடச் சொன்னது யார் என்று கேட்டார்.

நான் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். நான்தான் என்ற ஒரு சொல். அது நாக்கு வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன். வந்திருந்தால் விழுந்திருக்கும்.

"யாரும் சொல்லலங்க. நானாத்தேன் போட்டேன்," என்றார் மதினி.

டாக்டர் திட்டினார். படிக்காதவர்கள் இப்படித்தான் என்றார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதினார். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தால் மட்டும்தான் மாத்திரையை எடுக்க வேண்டும், பட்டினி நாளில் தொடக் கூடாது, முடிந்தால் பட்டினியையே விட வேண்டும் என்றார். எல்லாம் சரியான பேச்சு. மதினி தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். என் நோட்டில் ஐந்து பக்கம் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போய் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தச் சிவப்புச் சரியைப் பார்த்தார். "நானும் கேக்கலியே, எதுக்கு மிச்சம்னு," என்றார். என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, மதினி மாத்திரையை அறவே நிறுத்திவிட்டார் என்று. சனிக்கிழமை மட்டும் இல்லை, எல்லா நாளும். இந்தத் தடவை நான் கண்டுபிடிக்கவில்லை, அவரே சொன்னார். நோட்டு எடுக்காமல் ஒரு புதன்கிழமை காலை போயிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கைப்பிடி எடுத்தேன். அன்றைக்குக் குச்சனூரில் உங்களுக்கு எப்படி இருந்தது மதினி என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

வெகுநேரம் பேசினார். விழுந்தது நினைவில்லையாம். விழுவதற்கு முன்னால் நான் பேசியது மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டதாம், என் முகம் யாருடைய முகம் என்று தெரியவில்லையாம். அதுதான் அவருக்குப் பயம். செத்துப்போவது இல்லை. ஆள் அடையாளம் தெரியாமல் போவது. ஏழு வாரம் குச்சனூருக்கு வருவதாக வேண்டிக்கொண்டது முதல் வாரத்திலேயே நின்றுபோனதையும் சொன்னார். மகன் போனில் எடுத்தெறிந்து பேசுவதையும் சொன்னார். அண்ணனிடம் இதில் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் மலையிலிருந்து இறங்கி வந்துவிடுவார், கூலி போகும் என்றார். பிறகுதான் அதைச் சொன்னார்.

"மாத்திர போடறதில்லத்தா. கையில எடுத்தா அன்னைக்கு மாதிரி ஆயிருமோன்னு இருக்கு. எடுத்து எடுத்து வச்சிர்றேன்."

என் உள்ளங்கை கீரையோடு ஈரமானது. அப்பாவின் கால் ஒரு பக்கம், மண்ணில் கிடந்த எள் சாதம் ஒரு பக்கம். போடச் சொன்னால் எள் சாதம், வேண்டாம் என்றால் கால்.

"சாப்புட்டுட்டுப் போட்டா அப்படி ஆகாதுன்னு டாக்டர் சொன்னாக மதினி. பாதியாக் கொறச்சும் குடுத்திருக்காக."

"டாக்டர் சொன்னது கெடக்கட்டும். நீ சொல்லு. ஆகாதா?"

இவ்வளவுக்குப் பிறகும் அவர் என்னைத்தான் கேட்டார். ஆகாது என்று ஒரு சொல் சொன்னால் போடுவார். அழுதால் நிச்சயம் போடுவார், எனக்குத் தெரியும். நடக்கப் போவதைப் பற்றி வாக்குக் கொடுக்காதே என்று பேச்சுப் பாடத்தில் இருக்கிறது. பாடத்துக்காக நான் சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை, அதுதான்.

"எனக்குத் தெரியல மதினி. நீங்க சாப்புடுங்க, போடுங்க. நான் இங்கனயே இருக்கேன்."

மூன்று இட்லி சாப்பிட்டார். நான் எண்ணினேன். அரை மாத்திரையை விழுங்கினார். அதற்குப் பிறகு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அடையாளம் தெரிகிறதா என்று சோதிக்கிறவர் மாதிரி. நான் அவர் மேலுதடு வேர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வகுப்புக்கு ஏற வேண்டிய தேனி பஸ் போகிற சத்தம் கேட்டது. அடுத்த பஸ்ஸும் போனது. மத்தியானம் கீரைக் குழம்பு வைத்தோம், சாப்பிட்டோம். ஒன்றும் ஆகவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். நாளைக்கு வருவாயா என்று கேட்டார். நாளைக்குத் தேனியில் எனக்குச் செய்முறைத் தேர்வு, போகாவிட்டால் ஆறு மாதமும் வீண் என்றேன்.

"போய்ட்டு வாத்தா. நல்லா எழுது," என்றார். "நாளைக்கு நான் போடல."

முன்னெல்லாம் போடுகிறேன் என்று பொய்யாவது சொல்லி அனுப்புவார், நான் போய்த் தூங்குவேன். இப்போது என்னிடம் பொய் சொல்வதை விட்டுவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் கையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. பிறகு என் தெருவுக்கு நடந்தேன்.